கேம் 4 ஃபிரேமில் ஊர்கிறது: டிரைவர் இருந்தும் கார்டு வேலை செய்யவில்லை (லினக்ஸ்)

கேள்வி:
வணக்கம். என்னுடையது மேசைக்கணினி. செயலியில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது, தனி கார்டு ஒன்றுதான். தயாரிப்பாளர் தரும் மூடிய (மூலநிரல் வெளியிடாத) டிரைவரைப் போட்டு ஒன்றரை வருடமாக நிம்மதியாக விளையாடிக்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமை பயாஸை (கணினியைத் தொடக்கிவைக்கும் தாய்ப்பலகை மென்பொருள்) புதுப்பித்தேன், அதே நாளில் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்கும் அப்டேட் வந்தது. அன்றிலிருந்து லினக்ஸுக்கென்றே வந்த கேம்கூட நொடிக்கு 4, 5 ஃபிரேமில் ஊர்கிறது. விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் வழியாக ஓடுபவை திறந்ததுமே மூடிக்கொள்கின்றன. இரண்டாவது மானிட்டர் கறுப்பாகவே இருக்கிறது. டிரைவரை அடியோடு நீக்கி இரண்டு முறை திரும்பப் போட்டும் மாற்றமில்லை. கார்டே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் 1:
முதல் மானிட்டரில் படம் ஒழுங்காக வருகிறது அல்லவா? அப்படியென்றால் கார்டு போயிருக்க வாய்ப்பு குறைவு. மூன்றாவது முறை டிரைவரை நீக்க வேண்டாம். முதலில் படத்தை வரைவது யார் என்று பாருங்கள். டெர்மினலில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையைக் கொடுத்து, ரெண்டரர் என்ற வரியில் கார்டின் பெயர் இருக்கிறதா, எல்எல்விஎம்பைப் என்று இருக்கிறதா என்று சொல்லுங்கள். இரண்டாவது என்றால் எல்லாவற்றையும் செயலியே வரைந்துகொண்டிருக்கிறது. கேம் ஓடும்போது செயலியின் எல்லாக் கோர்களும் 100 சதவீதத்தில் நிற்குமே, கவனித்தீர்களா?

கேட்டவர்:
ஆமாம், எல்எல்விஎம்பைப் என்றுதான் வருகிறது. கோர்களும் 100தான், விசிறி கத்துகிறது.

பதில் 2:
அப்போது டிரைவர் வட்டில் இருக்கிறது, கெர்னலுக்குள் ஏறவில்லை. நீங்கள் பயாஸைப் புதுப்பித்ததாகச் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. பயாஸ் புதுப்பிக்கும்போது அமைப்புகள் தயாரிப்பாளர் வைத்த ஆரம்ப நிலைக்குத் திரும்பி, அணைத்து வைத்திருந்த செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் தொடக்கத்தில் அனுமதிக்கும் பாதுகாப்பு) தானாக இயங்கத் தொடங்கிவிடுவது உண்டு. அது இயங்கும்போது, கையொப்பம் இல்லாத மாட்யூலை (கெர்னலுக்குள் ஏறும் டிரைவர் பகுதி) பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களின் கெர்னல் ஏற்காது. ஒவ்வொரு கெர்னலுக்கும் ஏற்ப டிரைவரைக் கட்டித்தரும் டிகேஎம்எஸ் என்ற கருவி உங்கள் கணினியிலேயே கட்டும் மாட்யூலுக்கு, அதன் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியை நீங்கள் பதிந்திருந்தால்தான் மதிப்பு. மோக்யூட்டில் கட்டளையில் செக்யூர் பூட் நிலையைப் பாருங்கள். அப்புறம் மாட்யூலை மோட்புரோப் கட்டளை மூலம் கையாலேயே ஏற்றிப் பாருங்கள். சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பொருளில் பிழை வந்தால் சந்தேகமே இல்லை.

கேட்டவர்:
அதே பிழைதான்! செக்யூர் பூட் இயங்குகிறது. பயாஸில் போய் அணைத்துவிடட்டுமா?

பதில் 2:
அணைத்தாலும் தீரும். ஆனால் அதே கணினியில் விண்டோஸும் அதன் வட்டுப் பூட்டான பிட்லாக்கரும் இருந்தால், அணைத்தபின் மீட்புச் சாவி கேட்கக்கூடும். அதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் தொடாதீர்கள். எனக்குப் பிடித்த வழி சாவியைப் பதிவதுதான். டிகேஎம்எஸ் வைத்திருக்கும் பொதுச் சாவியை மோக்யூட்டிலின் இம்போர்ட் கட்டளைக்குக் கொடுங்கள். ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று சில நொடிகளே காத்திருக்கும். அப்போதே ஏதாவது ஒரு விசையை அழுத்தி, என்ரோல் மோக் (சாவியைப் பதி) என்பதைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைத் தட்டுங்கள். பலர் அங்கே கவனிக்காமல் விட்டுவிட்டு, சாவி பதியவில்லை என்று திரும்பி வருகிறார்கள். அந்தத் திரையில் விசைப்பலகை அமெரிக்க அமைப்பில் இருக்கும் என்பதால் கடவுச்சொல்லில் வெறும் எழுத்துகளும் எண்களும் போதும்.

கேட்டவர்:
முதல் முறை நானும் தவறவிட்டேன், இரண்டாம் முறை பிடித்துவிட்டேன். ரெண்டரர் வரியில் என் கார்டின் பெயர்! இரண்டாவது மானிட்டரும் உயிர்பெற்றது. புதிய கேம்கள் 60 ஃபிரேமில் ஓடுகின்றன. ஒரு பழைய விண்டோஸ் கேம் மட்டும் இன்னும் திறந்ததும் மூடுகிறது.

பதில் 1:
மிக்க மகிழ்ச்சி. அந்தப் பழைய கேம் 32-பிட்டாக இருக்கும். நீங்கள் டிரைவரை அடியோடு நீக்கியபோது அதன் 32-பிட் நூலகங்களும் (லைப்ரரி கோப்புகள்) போயிருக்கும், திரும்பப் போட்டபோது 64-பிட் மட்டும் வந்திருக்கும். டிரைவரின் 32-பிட் தொகுப்பை நிறுவுங்கள். அதன் பதிப்பு எண் ஓடும் டிரைவரின் எண்ணோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும்.

கேட்டவர்:
திறந்துவிட்டது. புதிய இடத்துக்குள் நுழையும்போது மட்டும் ஒரு நொடி திக்குகிறது.

பதில் 2:
அது ஷேடர்களை (கார்டில் ஓடி ஒளி, நிறம் போன்றவற்றை வரையும் சிறு நிரல்கள்) தொகுப்பதால் வருவது. விண்டோஸ் கேம்களின் டைரக்ட்3டி கிராஃபிக்ஸ் அழைப்புகளை, புரோட்டானில் உள்ள டிஎக்ஸ்விகே லினக்ஸில் இயங்கும் வல்கன் முறைக்கு மாற்றும்போது, புதிதாகக் கிடைக்கும் ஷேடர்களை டிரைவர் அங்கேயே தொகுக்கிறது. ஒருமுறை தொகுத்தது சேமிப்பில் இருக்கும். அதே இடத்துக்கு மறுபடி போய்ப் பாருங்கள், திக்காது.