ஜாவா: ஃபைனல் போட்ட லிஸ்ட்டும் மாறுகிறது, எப்படித் தடுப்பது?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. ஜாவா 17. ஆர்டர் கிளாஸில் நிலைகளின் லிஸ்ட் ஒன்று: புதியது, பணம் வந்தது, அனுப்பியது, சேர்ந்தது. வரிசை மாறக் கூடாது என்றுதான் ஸ்டாட்டிக் ஃபைனல் போட்டு அர்ரேலிஸ்ட்டில் வைத்தேன். ரிப்போர்ட் கிளாஸில் யாரோ அதை ஸார்ட் செய்ய, திரையில் இப்போது 'அனுப்பியது' முதலில் வந்து நிற்கிறது. அன்மாடிஃபையபிள்லிஸ்ட்டில் போட்டு இன்னொரு ஃபீல்டாகக் கொடுத்தும் பார்த்துவிட்டேன். எர்ரரே இல்லாமல் அதுவும் மாறுகிறது. ஏன்?

பதில் 1:
ஃபைனல் காப்பது அந்த வேரியபிளை மட்டும்தான். அதில் வேறு லிஸ்ட்டை வைக்க விடாது, அவ்வளவே. உள்ளே சேர்த்தாலும் நீக்கினாலும் கண்டுகொள்ளாது.

அன்மாடிஃபையபிள்லிஸ்ட் நகல் எடுப்பதில்லை. அது மூல லிஸ்ட்டைப் பார்க்கும் ஜன்னல். ரிப்போர்ட் கிளாஸ் இன்னும் மூலத்தையே தொடுகிறது, அந்த மாற்றம் ஜன்னலிலும் தெரிகிறது.

மதிப்புகளை நேரே லிஸ்ட்.ஆஃப்-இல் கொடுங்கள் (ஜாவா 9 முதல் உண்டு). தனியாக மூலம் என்று எதுவும் இருக்காது. டேட்டாபேஸிலிருந்து வருவதென்றால் ஜாவா 10-இல் வந்த லிஸ்ட்.காப்பிஆஃப். யாராவது ஸார்ட் செய்தால் அன்சப்போர்ட்டட்ஆபரேஷன்எக்ஸெப்ஷன் விழும், எந்த வரி என்பது ஸ்டாக் ட்ரேஸிலேயே இருக்கும். அர்ரேஸ்.ஆஸ்லிஸ்ட் பக்கம் போகாதீர்கள்: ஆட் செய்ய விடாது, ஆனால் செட்டும் ஸார்ட்டும் தாராளமாக நடக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. லிஸ்ட்.ஆஃப் போட்டதும் அந்த ஸார்ட் வரி மாட்டிக்கொண்டது. அங்கே நகல் எடுத்து ஸார்ட் செய்யச் சொல்லிவிட்டேன். ஆனால் ஃபார்மில் நிலையைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், அது லிஸ்ட்டில் இருக்கிறதா என்று பார்க்கும் கன்டெய்ன்ஸ் வரியில் நல்பாயின்டர்எக்ஸெப்ஷன் வருகிறது. முன்பு ஃபால்ஸ்தானே வந்தது?

பதில் 1:
லிஸ்ட்.ஆஃப்-க்கு நல் (null, அதாவது மதிப்பே இல்லாதது) ஆகாது. உள்ளே வைக்கவும் விடாது, கன்டெய்ன்ஸில் கேட்டாலும் எக்ஸெப்ஷன்தான். அதற்கு முன்னால் ஒரு நல் செக் வையுங்கள்.

பதில் 2:
இந்த நிலைகளுக்கு ஸ்ட்ரிங் லிஸ்ட்டே வேண்டாம், எனம் டைப் (enum, பெயரிட்ட மதிப்புகள் மட்டுமே கொண்ட டைப்) எழுதுங்கள். 2004-இல் ஜாவா 5 வந்ததிலிருந்தே இருக்கிறது. ஒரு எழுத்து தப்பாக அடித்தாலும் கம்பைலர் பிடித்துவிடும். ஸ்விட்ச் எக்ஸ்ப்ரஷனில் டிஃபால்ட் எழுதாமல் ஒரு நிலையை விட்டால் கம்பைலே ஆகாது. வேல்யூஸ் மெத்தட் ஒவ்வொரு முறையும் புது அர்ரேதான் தரும், அதை யார் ஸார்ட் செய்தாலும் உங்கள் வரிசைக்கு ஒன்றும் ஆகாது.

டேட்டாபேஸில் மட்டும் ஆர்டினலை (எனமில் அந்த நிலையின் வரிசை எண்) சேமிக்காதீர்கள், நேமைச் சேமியுங்கள். பின்னால் 'பேக்கிங்' என்று நடுவில் ஒரு நிலை சேர்த்தால் அதற்குக் கீழே உள்ள ஆர்டினல் எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும், பழைய ஆர்டர்கள் தப்பான நிலையைக் காட்டும்.