ஷேர்டு ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ்: டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்கவில்லை

கேள்வி
சி-பேனல் (ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பக்கம்) உள்ள ஷேர்டு ஹோஸ்டில் வேர்ட்பிரஸை ஆட்டோ இன்ஸ்டாலர் இல்லாமல் கையால் நிறுவுகிறேன். ஜிப்பை பப்ளிக்_எச்டிஎம்எல்லில் (தளத்தின் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர்) ஏற்றி விரித்தாயிற்று. டொமைனைத் திறந்தால் ஹோஸ்டின் வரவேற்புப் பக்கமே வருகிறது. பின்னால் /வேர்ட்பிரஸ் என்று சேர்த்தால் நிறுவல் படிவம் வருகிறது, ஆனால் விவரங்களைக் கொடுத்ததும் டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை என்கிறது. டேட்டாபேஸைப் பார்க்க உதவும் பிஎச்பி-மைஅட்மின் நன்றாகத் திறக்கிறது. எதைச் சரிபார்க்க வேண்டும்?

பதில் 1
பிஎச்பி-மைஅட்மின் திறப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சி-பேனல் தன் சொந்த அனுமதியில் உங்களை உள்ளே விடுகிறது. நீங்கள் உருவாக்கிய யூசரும் பாஸ்வேர்டும் அங்கே சோதிக்கப்படுவதே இல்லை.

முதலில் பெயர்களைப் பாருங்கள். சி-பேனல் பெரும்பாலும் கணக்குப் பெயரையும் ஓர் அடிக்கோட்டையும் முன்னால் ஒட்டிவிடும். கணக்கு "மலர்", டேட்டாபேஸ் "பிளாக்" என்றால் படிவத்தில் தர வேண்டியது "மலர்_பிளாக்". யூசர் பெயருக்கும் இதே கதைதான். படிவத்தின் டேட்டாபேஸ் ஹோஸ்ட் கட்டத்தில் பெரும்பாலும் லோக்கல்ஹோஸ்ட். தனி டேட்டாபேஸ் சர்வர் என்றால் ஹோஸ்டிங் நிறுவனம் அதன் முகவரியைத் தந்திருக்கும்.

அடுத்து, யூசரை உருவாக்கினால் மட்டும் போதாது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேசஸ் பக்கத்தில், கீழே உள்ள பகுதியில் அந்த யூசரை டேட்டாபேஸோடு சேர்த்து, ஆல் பிரிவிலேஜஸ் (எல்லா அனுமதிகளும்) டிக் செய்து, மறக்காமல் சேமிக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் வரும் பிழை வேறு: "டேட்டாபேஸைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை". அப்படி வந்தால் யூசரும் பாஸ்வேர்டும் சரி என்று அர்த்தம். அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கான்ஃபிக் ஃபைலைக் கையால் எழுதுவதானால் பாஸ்வேர்டில் ஒற்றை மேற்கோள் குறியும் பின்சாய்கோடும் வேண்டாம். அந்த வரி அங்கேயே உடைந்துவிடும்.

பதில் 2
அதற்கு முன் ஃபோல்டரைச் சரிசெய்யுங்கள். ஜிப் விரியும்போது "வேர்ட்பிரஸ்" என்ற ஃபோல்டருக்குள்தான் எல்லாம் போகும். நிறுவும்போது எந்த முகவரியில் இருக்கிறீர்களோ அதுவே டேட்டாபேஸின் ஆப்ஷன்ஸ் டேபிளில் தள முகவரியாகப் பதிவாகும். பிறகு இடம் மாற்றினால் அதையும் மாற்ற வேண்டிவரும். அதனால் உள்ளே இருப்பதை எல்லாம் இப்போதே பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு நகர்த்திவிடுங்கள். அங்கே ஹோஸ்ட் வைத்த இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் இருந்தால் நீக்குங்கள். வரவேற்புப் பக்கம் அதிலிருந்துதான் வருகிறது.

அனுமதி எண் ஃபோல்டர்களுக்கு 755, ஃபைல்களுக்கு 644. எதற்கும் 777 கொடுக்காதீர்கள். பாதுகாப்பு போவதோடு, சில சர்வர்களில் நேராக 500 பிழை வரும்.

இன்னொன்று, இது முக்கியம்: பாதி நிறுவலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். எஸ்எஸ்எல் சான்றிதழ் கிடைத்தவுடன் டொமைன் பெயர் பொதுப் பதிவேட்டில் வந்துவிடும். அதைப் பார்த்துத் திறந்து கிடக்கும் நிறுவல் படிவங்களைத் தேடிவந்து, தங்கள் டேட்டாபேஸ் விவரத்தைக் கொடுத்துத் தளத்தையே பிடித்துக்கொள்ளும் தானியங்கி நிரல்கள் (bots) உண்டு. ஒரே மூச்சில் முடியுங்கள்.

கேள்வி கேட்டவர்
நகர்த்தினேன், பிரிவிலேஜும் கொடுத்தேன், நிறுவல் முடிந்தது. நன்றி. பெர்மாலிங்கை (பதிவுகளின் முகவரி அமைப்பு) "போஸ்ட் நேம்" ஆக்கினேன். முகப்பு வருகிறது, பதிவைத் திறந்தால் 404 (பக்கம் இல்லை) பிழை. தமிழ்த் தலைப்புகளின் முகவரி பாதியில் வெட்டப்பட்டும் இருக்கிறது.

பதில் 3
404-க்குக் காரணம் பெரும்பாலும் .எச்டிஆக்சஸ், அதாவது முகவரி விதிகளைச் சர்வருக்குச் சொல்லும் ஃபைல். ஃபைல் மேனேஜர் அமைப்பில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லிவிட்டு, அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெர்மாலிங்க் பக்கத்தில் எதையும் மாற்றாமல் மீண்டும் சேமியுங்கள். வேர்ட்பிரஸ் அதை எழுதிவிடும். எழுத அனுமதி இல்லையென்றால் தேவையான வரிகளை அதே பக்கத்தில் காட்டும், நகலெடுத்து ஒட்டலாம். ஃபைல் இருந்தும் 404 என்றால் அதன் ரீரைட்பேஸ் வரியில் பழைய ஃபோல்டர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

முகவரி வெட்டப்படுவது பிழையல்ல, வரம்பு. ஸ்லக்குக்கு (முகவரியில் வரும் பதிவின் பெயர்) 200 இடம்தான். தமிழின் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8-ல் 3 பைட். சதவீதக் குறியோடு எழுதும்போது அது 9 இடமாகிறது. "தமிழ்" என்ற சொல்லில் புள்ளியும் இகரக் குறியும் சேர்த்து 5 குறிகள், ஆக 45 இடம். நாலைந்து சொல்லில் தீர்ந்துவிடும். டேபிளில் நீளத்தைக் கூட்டிப் பயனில்லை, 200 என்பது கோடிலும் இருக்கிறது. வெளியிடும் முன்பே ஸ்லக் பெட்டியில் இரண்டு மூன்று சொற்களில் சுருக்கமாக நீங்களே எழுதிவிடுங்கள்.