கறுப்பு வண்டியில் வெள்ளை வளையம்

குழு: கொருக்குப்பேட்டை வீடு
வியாழக்கிழமை

கவிதா, காலை 10:12
[படம்]
பெரியப்பா வண்டியின் பானெட்டைப் பாருங்கள். முழுக்க வெள்ளை வளையம். ஈரத்துணியால் துடைத்தும் போகவில்லை. சனிக்கிழமை மாப்பிள்ளை அழைப்புக்கு பாலாஜி இதில்தான் வர வேண்டும்.

விஜயா அத்தை: ஐயையோ

பாலாஜி: செவ்வாய்க்கிழமை நன்றாகத்தானே இருந்தது?

சரவணன், 10:19
நான்தான் நேற்று கழுவினேன். ஷாம்பு போட்டுத்தான் கழுவினேன்

நைனா: எந்தத் தண்ணீர்?

சரவணன்: போர்வெல் தண்ணீர். ஹோஸ் போட்டு

நைனா: எத்தனை மணிக்கு?

சரவணன்: ஒன்றரை இருக்கும். கழுவிவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் இப்படி

விஜயா அத்தை: பிள்ளை நல்லது நினைத்துத்தான் செய்தான். யாரும் திட்ட வேண்டாம்

நைனா: யார் திட்டினார்கள்?

பிரேமா சித்தி: தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளவென்று வந்துவிடும்

பாலாஜி: டூத்பேஸ்ட் போட்டால் போகும் என்று ஆபீஸில் சொல்கிறார்கள்

சேகர் சித்தப்பா, 10:34
யாரும் எதையும் தேய்க்காதீர்கள். டீ பிரேக்கில் இருக்கிறேன், எழுதுகிறேன்.

அது அழுக்கு இல்லை, சுண்ணாம்பு. ஆயா வெந்நீர் வைக்கிற குண்டானின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதேதான். போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கின்றன. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், இவை அங்கேயே தங்கிவிடும். சொட்டு காயும்போது ஓரத்தில்தான் அதிகம் படியும், அதனால்தான் வளையமாகத் தெரிகிறது. வெறும் கடல் உப்பு என்றால் அடுத்த தடவை தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். சுண்ணாம்பு அப்படிக் கரையாது. கவிதா ஈரத்துணியால் துடைத்தும் போகாததற்கு அதுதான் காரணம்.

வெள்ளை வண்டியிலும் இதே அளவு படியும், கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு வண்டியில் பளிச்சென்று தெரியும். அதோடு கறுப்பு வெயிலை அதிகம் இழுக்கும். மதியம் ஒன்றரைக்கு அந்த பானெட்டில் கை வைக்க முடியாது. பின்பக்கம் கழுவி முடிப்பதற்குள் முன்பக்கம் காய்ந்துவிடும்.

பாலாஜி, டூத்பேஸ்ட் வேண்டவே வேண்டாம். நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது, கிளியர் கோட் என்போம். மொத்தம் 40, 50 மைக்ரான்தான் இருக்கும், தலைமுடியைவிட மெல்லியது. டூத்பேஸ்டில் இருக்கிற பொடி அதைக் கீறும். அப்புறம் வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி தெரியும். பிரேமா, எண்ணெய் கறையை மூடும், எடுக்காது. சாயந்திரத்துக்குள் எண்ணூர் ரோட்டுத் தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

பாலாஜி: சரி சித்தப்பா

கவிதா: பெரியப்பா பார்த்துவிட்டார். பதில் போடவில்லை

நைனா: அண்ணன் கோபமாக இருந்தால் அப்படித்தான்

சரவணன், 10:41
சின்ன மாமா, நான் ஹார்டுவேர் கடையில் நிற்கிறேன். பாத்ரூம் ஆசிட் ஒரு பாட்டில் வாங்கிவிட்டேன். டைல்ஸில் இருக்கிற உப்புக்கறை இதில்தானே போகிறது?

சேகர் சித்தப்பா: வேண்டாம்

சேகர் சித்தப்பா: திறக்காதே

சேகர் சித்தப்பா: சரவணா போனை எடு

விஜயா அத்தை: டேய் போனை எடுடா

கவிதா: நான் கூப்பிடுகிறேன்

சரவணன், 10:53
திருப்பிக் கொடுத்துவிட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டு இருந்தேன், அதனால் எடுக்கவில்லை

சேகர் சித்தப்பா: நல்ல வேளை. நீ யோசித்தது முழுக்கத் தப்பு இல்லை. சுண்ணாம்பைக் கரைக்க அமிலம்தான் வேண்டும். ஆனால் நீ வாங்கியது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குரோம் பட்டையை அரித்துவிடும், பெயிண்டைக் கெடுத்துவிடும், புகை நெஞ்சை அடைக்கும். நமக்கு அதைவிட ரொம்பச் சாதுவானது போதும்.

விஜயா அத்தை: ஆயா ஏதோ சொல்கிறார்கள். பித்தளைக் குடத்துக்குப் போடுகிற மாதிரி புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்கள்

சேகர் சித்தப்பா: அம்மா சொல்வதில் விஷயம் இருக்கிறது, புளியிலும் அமிலம்தான். குடத்துக்குச் சரி. வண்டிக்கு அந்தக் கோதும் நாரும் ஆகாது, கீறிவிடும்.

விஜயா அத்தை: சொல்லிவிட்டேன். சிரிக்கிறார்கள்

பிரேமா சித்தி: அத்தோ நூடுல்ஸ் கடைக்காரரிடம் யாராவது பேசினீர்களா? ரிசப்ஷனுக்கு 200 பிளேட் என்று சொன்னார்கள்

நைனா: 150

பாலாஜி: 200. என் பிரெண்ட்ஸே 60 பேர்

விஜயா அத்தை: பெண் வீட்டார் வேலூர்க்காரர்கள். அத்தோ சாப்பிடுவார்களா?

கவிதா: சாப்பிட்டால் விட மாட்டார்கள். முதலில் வண்டிக் கதையை முடியுங்கள்

சேகர் சித்தப்பா, மதியம் 1:08
சாப்பாட்டு நேரம். செய்முறை சொல்கிறேன், சரவணன் கவனமாகப் படி.

மளிகைக் கடையில் வெள்ளை வினிகர் வாங்கு. ஃப்ரைட் ரைஸ் கடையில் ஊற்றுகிறார்களே, அதுதான். கலர் போட்டது வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன். இரண்டும் பாதிக்குப் பாதி. வண்டி நிழலில் நிற்க வேண்டும், தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். முதலில் தண்ணீரை அடித்துத் தூசியை இறக்கிவிடு. காய்ந்த தூசியைத் துணியால் தேய்க்கவே கூடாது. நம் பக்கம் மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளிலிருந்து வந்து படிகிற தூசியும் சாம்பலும் உப்புத்தாள் மாதிரி கீறும்.

அப்புறம் மைக்ரோஃபைபர் துணியைக் கலவையில் நனைத்துக் கறையின் மேல் போர்த்தி வை. ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. காய விடக் கூடாது. மெதுவாக ஒரே திசையில் துடை, அழுத்தாதே. உடனே நிறைய தண்ணீர் ஊற்று. ஒரு இடம் முடித்துவிட்டுத்தான் அடுத்த இடம். கடைசியில் ஷாம்பு போட்டு இன்னொரு தடவை கழுவ வேண்டும், வினிகர் மிச்சம் இருக்கக் கூடாது. வினிகர் பழைய வாக்ஸையும் கழற்றிவிடும், அதனால் வாக்ஸ் புதிதாகப் போட வேண்டும்.

சரவணன்: எழுதிக்கொண்டேன்

நைனா: இவ்வளவுக்கும் அந்த போர்தான் காரணம்

பெரியப்பா, 1:22
2019-இல் அந்த போரை இறக்கியது நான். அப்போது யாரும் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நைனா: அண்ணா நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை

பெரியப்பா: பாதிப் பணம் இன்னும் வரவில்லை. அதையும் நான் கேட்கவில்லை.

விஜயா அத்தை: அண்ணே, கல்யாணம் முடியட்டும். அந்த வருடம் ஏரியெல்லாம் வற்றிக் கிடந்தபோது அந்த போர்தான் நம் தெருவுக்கே தண்ணீர் கொடுத்தது. எனக்கு மறக்கவில்லை

சேகர் சித்தப்பா: எனக்கும் மறக்கவில்லை அண்ணா. போர் மேல் தப்பு இல்லை. கடலோரம் நிலத்தடித் தண்ணீர் இப்படித்தான் இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டி.டி.எஸ். பேனா வைத்துப் பார்த்தபோது 1,900 காட்டியது. குடிநீருக்கு 500-க்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்திய தர அளவு, வேறு வழியே இல்லாத இடத்தில்தான் 2,000 வரை விடுகிறது. பாத்திரம் கழுவ, துணி துவைக்க அந்தத் தண்ணீரே போதும். வண்டிக்கு மட்டும் மெட்ரோ வாட்டர் பிடித்துக்கொள்வோம்.

பிரேமா சித்தி: நாங்கள் வண்டியை ஆர்.ஓ. மெஷின் தண்ணீரில்தான் கழுவுகிறோம். பைப்பில் வெளியே போகிறதே, அதை வாளியில் பிடித்து. வீணாகக் கூடாதே

சேகர் சித்தப்பா: பிரேமா, உன்னிடம் வீட்டில் எத்தனை தடவை சொன்னேன்! வெளியே தள்ளுகிற தண்ணீரில்தான் உப்பெல்லாம் சேர்ந்திருக்கும். போர் தண்ணீரைவிட மோசம். அதைத் தரை துடைக்க, பாத்ரூமுக்கு வைத்துக்கொள். வண்டிக்கு நல்லது நம் ஏ.சி. பைப்பில் சொட்டுகிற தண்ணீர். காற்றில் இருக்கிற ஈரம்தான் குளிர்ந்து சொட்டுகிறது, அதில் சுண்ணாம்பே கிடையாது. இரவு முழுக்க ஓடினால் வாளியில் நன்றாகச் சேரும். மெல்லிய துணியில் வடிகட்டிவிட்டு, கழுவி முடித்ததும் கடைசியாக மேலே ஊற்றினால் போதும்.

பிரேமா சித்தி: எந்த ஊரில் சொன்னீர்கள்? இப்போதுதான் கேட்கிறேன்

கவிதா: வாளி எங்கள் வீட்டிலிருந்தும் வரும்

சேகர் சித்தப்பா, மாலை 6:47
[படம்]
வந்துவிட்டேன். முதலில் பெட்ரோல் மூடிக்குக் கீழே, கண்ணில் படாத இடத்தில் செய்து பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் பானெட்டின் ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடது பக்கம் ஷெட்டின் டியூப்லைட் ஒரே கோடாகத் தெரிகிறது. வலது பக்கம் அதே டியூப்லைட் பொரிந்த அப்பளம் மாதிரி தெரிகிறது. விரல் நுனியால் தடவினால் வலது பக்கம் நெருடுகிறது, இடது பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது.

கவிதா: சூப்பர் சித்தப்பா!

விஜயா அத்தை: அப்பாடா

பாலாஜி: முழுசும் போய்விடுமா?

சேகர் சித்தப்பா: முக்கால்வாசி போய்விடும். நான்கைந்து இடத்தில் குழி விழுந்திருக்கிறது. வெள்ளை போன பிறகும் நகத்தில் தட்டுப்படுகிறது. கிளியர் கோட்டையே அரித்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு வினிகர் உதவாது, மெஷின் பாலிஷ்தான். பாலிஷ் போட்டால் பூச்சு கொஞ்சம் தேயும், அவசரத்தில் செய்யக் கூடாது. கல்யாணம் முடிந்த பிறகு நானே செய்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும், அந்தக் குழி சரவணன் செய்தது இல்லை. ரொம்பப் பழசு. முருங்கை மரத்தடியில் நிறுத்தும்போது விழுந்த காக்கை எச்சம்.

சரவணன்: நன்றி மாமா

நைனா: மரத்தடியில் நிறுத்தியது யார் என்று நான் கேட்கவில்லை

விஜயா அத்தை: அண்ணே நீ சும்மா இரு

கவிதா: நாளைக் காலை மெட்ரோ வாட்டர் எத்தனை மணிக்கு?

நைனா: 5 மணிக்கு வரும். 6-க்கு நின்றுவிடும்

சேகர் சித்தப்பா: அப்படியென்றால் டிரம்மில் பிடித்து வையுங்கள். வெயில் ஏறுவதற்குள், 7 மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஒருவர் கழுவ, ஒருவர் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வர வேண்டும். தானாகக் காயட்டும் என்று ஒரு சொட்டுகூட விடக் கூடாது. கண்ணாடிக்குக் கீழேயும் கதவு இடுக்கிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும், பத்து நிமிடம் கழித்து வழியும், அதையும் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்காமல் துண்டை விரித்து இழுத்தாலே போதும். அப்புறம் வாக்ஸ். வாக்ஸ் போட்டால் கறையே வராது என்று நினைக்காதீர்கள், சொட்டு உருண்டையாக நிற்கும், அதுவும் காய்ந்தால் வளையம்தான். துடைப்பது சுலபமாகும், அவ்வளவுதான்.

பாலாஜி: நான் துடைக்க வரட்டுமா?

விஜயா அத்தை: நலங்கு வைத்த பிள்ளை வாசலில் நின்று வண்டி துடைப்பானா? நீ வராதே

கவிதா: நான் வருகிறேன்

பிரேமா சித்தி: வண்டிக்குப் பூ?

சேகர் சித்தப்பா: பூ கட்டலாம், செலோடேப் மட்டும் பெயிண்டில் ஒட்ட விடாதீர்கள். கிரில்லில் நூல் விட்டுக் கட்டச் சொல்லுங்கள். பூக்காரர் போர் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார், அதுவும் புள்ளி வைக்கும். ஏ.சி. தண்ணீரில் ஒரு பாட்டில் அவருக்குக் கொடுத்துவிடலாம்.

பாலாஜி: மண்டபத்தில் வண்டி எங்கே நிற்கும்? வெளியே விட்டால் கன்டெய்னர் லாரித் தூசி

நைனா: மேனேஜரிடம் கேட்கிறேன்

கவிதா: நைனா, நேற்றும் இதையேதான் சொன்னீர்கள்

நைனா: காலையில் கேட்கிறேன் அம்மா

சரவணன், இரவு 9:15
மாமா, மைக்ரோஃபைபர் துணி இரண்டுதான் இருக்கிறது. போதுமா?

சேகர் சித்தப்பா: குறைந்தது ஆறு வேண்டும். வினிகருக்குத் தனி, துடைக்கத் தனி, வாக்ஸுக்குத் தனி. கீழே விழுந்த துணியை மறுபடி எடுக்கவே கூடாது, மண் ஒட்டியிருக்கும்.

சரவணன்: கடை மூடியிருக்குமே

பெரியப்பா, 9:31
துணி என்னிடம் எட்டு இருக்கிறது. புதுசு. சாவி டிவி மேல் வைத்திருக்கிறேன். சரவணன் 5 மணிக்கு வரட்டும், டிரம் நான் நிரப்பிவிடுகிறேன்.

சரவணன்: சரி பெரிய மாமா

விஜயா அத்தை: பூவுக்கு யார் சொல்வது என்று யாருமே சொல்லவில்லை

பிரேமா சித்தி: அத்தோ 150-ஆ 200-ஆ?