3:05-ல் எடுத்த டைம் அவுட்: நிக் நர்ஸ் மூளைக்காரரா?

மூணுபாயிண்டர்:
‘2019 ஃபைனல்ஸ் முழுக்க நிக் நர்ஸோட மூளை’ன்னு நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. NBA கூடைப்பந்து ஃபைனல்ஸ், டொரான்டோ ராப்டர்ஸுக்கும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கும். நர்ஸ் அப்ப ராப்டர்ஸ் கோச். அஞ்சாவது ஆட்டம், டொரான்டோவுல, ராப்டர்ஸ் 3-1 முன்னிலை. ராப்டர்ஸ் ஸ்டார் கவாய் லெனர்ட் தனியாளா வரிசையா 10 பாயிண்ட் போட்டு 103-97 ஆக்கிட்டார். ஆட்டம் முடிய 3 நிமிஷம் 5 வினாடி பாக்கி, பந்தும் ராப்டர்ஸ் கையில. அப்பப் போய் டைம் அவுட்! அப்புறம் வாரியர்ஸோட கிளே தாம்சன் ஒரு த்ரீ (தூரத்துலேர்ந்து போடுற மூணு பாயிண்ட் கூடை), அவங்க கரி ஒண்ணு, மறுபடி தாம்சன். 106-103. கடைசியில 106-105ல தோல்வி.

ஸ்காபரோ_சின்னவன்:
தம்பி, விதியை வாசிச்சுப்போட்டு வாரும். கடைசி மூண்டு நிமிசத்துக்குள்ள ஒரு அணி ரெண்டு ரைம் அவுட்தான் எடுக்கலாம், மிச்சம் காலாவதி. அதைத்தான் நர்ஸ் ஆட்டம் முடிஞ்ச கையோட சொன்னவர். ஆக்களும் களைச்சுப் போச்சினம்.

மூணுபாயிண்டர்:
காலாவதியாகட்டுமே! மிச்சப் பாயசம் வீணாகுதேன்னு வயிறு முட்டக் குடிப்பாங்களா? களைச்சது வாரியர்ஸும்தான். ஓய்வு ரெண்டு பக்கமும் கிடைச்சுது. அதுக்கப்புறம் ராப்டர்ஸ் எடுத்தது ஒரே கூடை. அதுவும் ராப்டர்ஸ் லவுரி போட்ட பந்தை வாரியர்ஸ் கசின்ஸ் விதி மீறித் தட்டினதால கிடைச்சது.

பெஞ்ச்_பெருமாள்:
டைம் அவுட்டை விடுங்கப்பா. அன்னைக்கு ராப்டர்ஸ் த்ரீ 32க்கு 8. வாரியர்ஸ் 42க்கு 20. த்ரீயில மட்டும் 36 பாயிண்ட் பள்ளம். கடைசி வினாடிகள்ல வாரியர்ஸ் தாம்சனும் இக்வடாலாவும் கவாயை மடக்கினாங்க. பந்து ராப்டர்ஸ் வான்விலீட் கைக்குப் போய், மூலையில லவுரிக்கு. வாரியர்ஸ் டிரேமண்ட் கிரீன் விரல் பட்டுப் பந்து வளையத்துக்கே போகலை.

மூணுபாயிண்டர்:
அந்த விரல் பட்டது எப்போ? 3:05க்கு அப்புறம்.

கோல்டன்_கேட்:
எல்லாம் சரி. அந்த அஞ்சாவது ஆட்டத்துல வாரியர்ஸ் டுரான்ட் 12 நிமிஷத்துல 11 பாயிண்ட் போட்டார், அகிலிஸ் (குதிகால் தசைநார்) போச்சு. ஆறாவது ஆட்டத்துல 30 பாயிண்ட்டோட தாம்சனுக்கு முழங்கால். இந்தக் கோப்பைக்கு இவ்வளவு பெருமையா?

ஸ்காபரோ_சின்னவன்:
வந்திட்டார். 2015 ஃபைனல்ஸில வாரியர்ஸோட மோதின கிளீவ்லண்டுக்கு கெவின் லவ் இல்லை, முதல் ஆட்டத்தோட கைரி அர்விங்கும் போயிட்டார். அப்ப வாரியர்ஸ் கோப்பையைத் திருப்பிக் குடுத்தவையோ? 2019ல எங்கட ராப்டர்ஸ் ஓஜி அனுனோபிக்கு அப்பெண்டிக்ஸ், பிளேஆஃப் முழுக்க ஆடேல்லை. அதை ஒருத்தரும் கதைக்கிறேல்லை.

பெஞ்ச்_பெருமாள்:
கோல்டன்_கேட், அதே ஆறாவது ஆட்டக் கடைசியில கைவசம் டைம் அவுட்டே இல்லாம டிரேமண்ட் ஒண்ணு கேட்டு டெக்னிகல் ஃபவுல் வாங்கினாரே, அதுவும் காயமா?

தெற்குவாசல்:
ராப்டர்ஸோட பழைய ஸ்டார் டீரோசனை 2018 ஜூலையில கவாய்க்குப் பதிலா ஸ்பர்ஸ் அணிக்குத் தள்ளினாங்களே, அதைப் பத்தி மூச்சு விடுறீங்களா? வந்த கவாய் லீக்ல 82ல 60 ஆட்டம்தான் ஆடினார். கோப்பை கிடைச்சதும் கிளிப்பர்ஸ் அணிக்கு நடையைக் கட்டிட்டார்.

ஸ்காபரோ_சின்னவன்:
அந்த 22 ஆட்டம் விட்டபடியாத்தான் பிளேஆஃபில பிலடெல்பியாவோட ஏழாவது ஆட்டத்தில 41 பொயின்ற் வந்தது. பந்து வளையத்தில நாலு தரம் குதிச்சு விழுந்தது. 92-90. டீரோசன் இருந்த காலத்தில பிளேஆஃபில கிளீவ்லண்டிட்ட 2017, 2018 ரெண்டு முறையும் 4-0 தோல்வி. 2019 பிளேஆஃபில மில்வாக்கியோட 0-2 பின்னுக்கு நிண்டவை. மூண்டாவது ஆட்டத்தில அவையின்ர ஸ்டார் யானிஸைப் பிடிக்கக் கவாயை விட்டது ஆர்? நர்ஸ்தானே! நாலும் வெற்றி. ஃபைனல்ஸ் ரெண்டாவது ஆட்டத்தில நாலு பேரைப் பெட்டியா நிப்பாட்டி, வான்விலீட்டைக் கரியோட ஒட்ட விட்டவர். வாரியர்ஸ் அஞ்சு நிமிசத்துக்கு மேல ஒரு பொயின்றும் எடுக்கேல்லை.

மூணுபாயிண்டர்:
அந்த ஆட்டமும் 109-104 தோல்விதானே, அண்ணை. பெட்டிக்கு வெளியே இக்வடாலா தனியா நின்னு த்ரீ போட்டது மறந்துடுச்சோ?

தெற்குவாசல்:
டீரோசன் கேள்விக்கு இது பதிலா? நன்றிகெட்ட கூட்டம்.

மூணுபாயிண்டர்:
டீரோசனுக்குத் தனி இழை போடுங்க. விதி அந்த நேரத்துல எடுக்கலாம்னு சொல்லுது, எடுத்தே ஆகணும்னு சொல்லலை. 103-97, பந்து கையில, கவாய் சூட்டுல இருக்கார். ஏன் எடுத்தார்? இதுக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லலை.

ஸ்காபரோ_சின்னவன்:
சொல்லியாச்சு. மேல போய் வாசியும்.