தைப்பூசப் பந்தலுக்குக் குழாய் வைத்த தண்ணீர்த் தொட்டி கிடைக்குமா? (பினாங்கு)

வணக்கம். தண்ணீர்மலை போகும் வழியில், ஜாலான் கெபுன் பூங்காவில் எங்கள் தண்ணீர்ப் பந்தல் இந்தத் தைப்பூசத்துக்கும் உண்டு. சாம்பார் சாதம், தயிர் சாதம், மோர் எல்லாம் நாங்களே செய்கிறோம்.

சமைப்பவர்கள் கை கழுவ, குழாய் வைத்த பெரிய தொட்டி 2 வேண்டும். இரவலோ வாடகையோ, எதுவானாலும் சரி. சானிடைசர் போதுமே என்கிறார்கள் சிலர். வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரப்பும் நோரோவைரஸ் அதற்கு அவ்வளவாக அடங்காது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவ வேண்டும். சாம்பாராவது கொதிக்கிறது. தயிர் சாதத்தைக் கையால் பிசைந்த பிறகு யாரும் சூடாக்குவதில்லை, அங்கேதான் எனக்குப் பயம்.

அப்புறம் டைபாய்டு ஊசி. 2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிகளின்படி, கடைகளில் உணவைக் கையாள்வோர் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். எங்கள் தொண்டர்கள் பலர் போட்டதில்லை. டைபாய்டு குணமானவர் உடம்பிலும் கிருமி தங்கி, எந்த அறிகுறியும் இல்லாமல் அவர் கை வழியே பரவலாம். ஊசி பலன் தர 2 வாரம் ஆகும், அதனால் சீக்கிரம் போட வேண்டும். குழுவாகப் போனால் விலை குறைக்கும் கிளினிக் ஜார்ஜ்டவுன் பக்கம் தெரியுமா?

கடைசியாக ஒன்று. வயிறு சரியில்லாத பெரியவர்கள் 'சாமி காரியம்' என்று கரண்டியோடு வந்து நிற்பார்கள். போக்கு நின்ற பிறகும் 48 மணி நேரம் சமையல் பக்கம் வரக்கூடாது. மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது? பந்தல் நடத்திய அண்ணன்மார், அக்காமார் எழுதுங்கள்.