பழைய வேட்டித் துணியின் சமையலறைப் பயன்கள்

கேள்வி:
பழைய பருத்தி வேட்டிகளைக் கிழித்துச் சமையலறைத் துணிகளாக வைத்திருக்கிறேன். பாத்திரமும் மேடையும் துடைப்பதைத் தவிர, இவற்றை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
நனைத்துப் பிழிந்த துணியை இட்லித் தட்டில் விரித்து மாவை ஊற்றினால் எண்ணெய் தடவத் தேவையில்லை. வெந்தபின் தட்டைக் கவிழ்த்துத் துணியின் மேல் சிறிது நீர் தெளித்தால் இட்லி உடையாமல் பிரிந்து வரும். பச்சைப் பயற்றை 8 மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளைவிட்டிருக்கும். துணி காற்றை உள்ளே விடுவதால் பயறு எளிதில் அழுகுவதில்லை. மூடிய டப்பாவில் இந்த வசதி கிடையாது.

மறுமொழி 2:
வெயிலில் வைக்கும் ஊறுகாய் ஜாடியின் வாயைக் கட்ட இதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஈரம் ஆவியாக வெளியேறும். தூசியும் ஈயும் உள்ளே புகா. கொத்தமல்லியையும் உலர்ந்த துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைக்கலாம்.

மறுமொழி 3:
மீனும் இறைச்சியும் துடைக்கும் துணியை, அன்புகூர்ந்து, முற்றிலும் தனியாக வையுங்கள். துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சேர்த்தால் நீரை உறிஞ்சும் தன்மை குறைந்துவிடும். கொதிநீரில் அலசி வெயிலில் உலர்த்துங்கள்.