ஜூனில் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை: என்னென்ன தயார் செய்யணும்?

பூன்லே அக்கா:
வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் நானும் வீட்டுக்காரரும் மகனும் சிங்கப்பூர்லேருந்து கனடா போறோம். வைட்ஹார்ஸில் வாடகைக்கு வண்டி எடுத்து, டாசன் சிட்டி வழியா டெம்ப்ஸ்டர் என்ற சரளைச் சாலையில் ஏறி, ஆர்க்டிக் கடலோரத்து துக்தோயாக்துக் வரை ஓட்டணும்னு ஆசை. இதுவரை ஓட்டின நீண்ட தூரம் பினாங்குதான். போயிட்டு வந்தவங்க சொல்லுங்களேன்.

வடக்கு வழி:
அக்கா, 2019ல நானும் தம்பியும் போனோம். முதல்ல வாடகை ஒப்பந்தத்தைப் படிங்க. சரளைச் சாலையில ஓட்டினா பல இடங்கள்ல காப்புறுதி செல்லாது. டெம்ப்ஸ்டர் பேரைச் சொல்லியே கேட்டு, பதிலை எழுத்துல வாங்குங்க.

அடுத்தது டயர். சில இடங்கள்ல ஷேல் கல்லு, தகடு தகடா, அவ்வளவு கூரு. வழியில பெட்ரோல் கிடைக்கிற ஈகிள் பிளெயின்ஸுக்கு 60 கிலோமீட்டர் இருக்கும்போது எங்க வண்டியோட பின்பக்கம் லேசா ஆடுச்சு. சத்தமே இல்ல. இறங்கிப் பார்த்தா டயர்ல கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வெட்டு, கத்தியால கீறின மாதிரி. வண்டியோட கொடுத்திருந்தது ஒல்லியான தற்காலிக டயர். அதை மாட்டி, 40ஐத் தாண்டாம உருட்டிக்கிட்டே போய்ச் சேர்ந்தோம். கைப்பேசி சிக்னல் கிடையாது. இன்னொரு டயர் போயிருந்தா, யாராவது வர்ற வரைக்கும் நடுச்சாலையிலதான். முழு அளவு மாற்று டயர் ரெண்டு இல்லாம கிளம்பவே கிளம்பாதீங்க. மகனுக்கும் டயர் மாத்தக் கத்துக்கொடுங்க.

பெட்ரோலை டாசன்லயே முழுசா நிரப்பிடுங்க. டெம்ப்ஸ்டர் தொடங்குற இடத்துலேருந்து ஈகிள் பிளெயின்ஸ் 369 கிலோமீட்டர், நடுவுல ஒரு நிலையமும் இல்ல. சிங்கப்பூர் எல்லையில உட்லண்ட்ஸ் தாண்டி கோலாலம்பூர் வரைக்கும் எங்கயும் நிரப்ப முடியாதுன்னு நினைச்சுக்குங்க.

ஈசூன்:
தேதியையும் பாருங்க. வழியில தாண்ட வேண்டிய பீல், மெக்கன்சி ரெண்டு ஆத்துக்கும் பாலம் இல்ல. கோடையில படகு, குளிர்காலத்துல உறைஞ்ச பனி மேலயே வண்டி. பனி உடையுற சமயத்துல ரெண்டுமே இருக்காது. ஜூன் தொடக்கத்துல போறது எனக்குச் சரியாப் படல, பிற்பாதிக்குத் தள்ளுங்க.

பூன்லே அக்கா:
விமானச் சீட்டு ஜூன் 3க்கு எடுத்தாச்சே! டாசன்ல சில நாள் கூடத் தங்கலாமா? கரடி விரட்டுற ஸ்ப்ரேயை இங்கேயே வாங்கிடவா?

வடக்கு வழி:
தங்குங்க, டூம்ஸ்டோன் மலைப் பக்கமும் போகலாம். அதுக்கு ஆறு தாண்ட வேண்டாம். ஸ்ப்ரேயை விமானத்துல விடமாட்டாங்க, வைட்ஹார்ஸ்ல வாங்குங்க. எதிர்ல லாரி வந்தா வேகத்தைக் குறைச்சு வலப்பக்கம் ஒதுங்குங்க, கல்லு கண்ணாடியில வந்து அடிக்கும். டயர் பத்தி வாடகை வண்டிக்காரங்க என்ன பதில் தந்தாங்கன்னு மறக்காம இங்க போடுங்க.